ஐந்தேமுக்கால் பஸ்ஸில் கேட்ட என் குரல்

தம்பி,

இதை போன்லயே சொல்லியிருக்கலாம். ஒரு வாய்ஸ் போட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சிருக்கும். ஊருக்கெல்லாம் வாய்ஸ் போடுறவ, பெத்த பிள்ளைக்கு ஏன் தாள் எடுத்து எழுதறான்னு நீ சிரிக்கலாம். சிரி. படிச்சு முடிக்கும்போது காரணம் உனக்கே தெரியும். நான் கணக்கு டீச்சர், எனக்கு அலங்காரமா எழுத வராது, பேசுற மாதிரியே எழுதறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் பன்னண்டு நாள் இருக்கு. அதுக்குள்ள இது உன் கைக்கு வரணும், நீ படிக்கணும், என் மேல கோவப்படணும், அந்தக் கோவம் கொஞ்சம் ஆறணும், அப்புறம் நீ ஒரு காரியம் பண்ணணும். என்ன காரியம்னு கடைசியில சொல்றேன். முதல்லயே கடைசித் தாளுக்குப் போய்டாத, உன் புத்தி எனக்குத் தெரியும்.

போன வாரம் பத்திரிகை யார் யாருக்குன்னு போன்ல பேசிக்கிட்டிருந்தப்போ, உன் மாமியாரா வரப் போறவங்களைப் பத்தி நீ ஒண்ணு சொன்னே. "எட்டு மாசம் என்னை அலைய வச்சாங்கம்மா. காரணம்கூட சொல்லாம வேணாம் வேணாம்னாங்க. சுகந்திக்காகத் தாலி கட்டறேன். ஆனா கல்யாணம் முடிஞ்சுதுன்னா அந்தம்மா வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். அவங்க திமிருக்கு அதான் சரி"ன்னே. நான் இந்தப் பக்கம் 'ம்'னு கேட்டுக்கிட்டேன். போனை வச்சதுக்கு அப்புறம் எனக்கு சோறு இறங்கல. சுகந்தியோட அம்மா மல்லிகா உன்னை வேணாம்னு சொன்னதுக்குக் காரணம் அவங்க திமிர் இல்ல தம்பி. காரணம் நான். நீ அவங்க மேல வச்சிருக்கிற கோவம் விலாசம் மாறிப் போன கோவம். அதை சரியான வீட்டுக்குத் திருப்பி விடத்தான் இந்தக் கடிதம்.

முழுசா சொல்லணும்னா என் போன்லருந்துதான் ஆரம்பிக்கணும். உன் முதல் சம்பளத்துல நீ வாங்கிக் கொடுத்தது. "எனக்கு எதுக்குடா இவ்ளோ பெரிசு, ஸ்லேட்டு மாதிரி இருக்கு"ன்னு உன்னைத் திட்டி, ஒரு மாசம் டப்பாவுலயே வச்சிருந்தேன். அப்புறம் பிடிச்சேன் பாரு. இன்னிக்கு எங்க பள்ளிக்கூடத்துல என் வயசுல பாதி இருக்கிற டீச்சருங்ககூட என்கிட்டதான் வந்து சந்தேகம் கேக்கறாங்க. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன். காலையில அஞ்சு மணிக்கு முதல் அலாரம். என் போன்ல எந்த அலாரமும் சும்மா அடிக்காது, ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சிருக்கேன். 'அரிசி களை', 'அவருக்கு வெறும் வயித்து மாத்திரை', 'குக்கரை அணை', 'ஏழு நாப்பது பஸ்'. பள்ளிக்கூடத்துல பிரேயர் முடிஞ்சதும் வருகைப் பதிவும் போன்லதான். அங்க சத்துணவுக் கூடத்துப் படிக்கட்டுல நின்னாதான் சிக்னல் வரும். ஒரு கையில போனு, ஒரு கையில சாக்பீஸுமா அந்தப் படியில நின்னு நான் பேர் பேரா டிக் பண்றதைப் பார்த்து, சமையல் பண்ற அம்மா, "டீச்சர், சாம்பாருக்கு உப்பு போதுமான்னு அதுலயே கேட்டுச் சொல்லிடுங்க"ன்னு கிண்டல் பண்ணும். போர்டுல போட்ட கணக்கை எல்லாம் போட்டோ எடுத்து வச்சுக்குவேன், லீவு போட்ட பிள்ளைக்கு சாயந்தரம் அது போய்டும். உங்கப்பா டிப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர், எந்த அதிகாரிக்கும் பயந்தவர் இல்ல. அவரே என் அலாரம் அடிச்சா, "உன் போனு எனக்கு ரெண்டாவது மாமியார்"னு முனகிக்கிட்டே மாத்திரையை முழுங்கிடுவார். வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே கையில வச்சு ஓட்டறேன்னு எனக்கு ஒரு நெனப்பு. முக்கால்வாசி அது நெசமும்தான்.

அந்த மிச்ச கால்வாசியில முதல்ல அடிபட்டவன் நீ. மெட்ராஸ்ல வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் எனக்கு நீளமா ஒரு மெசேஜ் போட்டே. மேனேஜர் நடத்தற விதம் தாங்க முடியல, சாப்பாடு இறங்கல, எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்கு வந்துடவாம்மான்னு கேட்டிருந்தே. மறுநாள் எங்களுக்கு ஆண்டு விழா. பாப்பாவுக்கு என்ன கலர் பாவாடை, எத்தனை மணிக்கு வரணும், ஜடை வச்சுப் பின்னணுமான்னு அம்மாக்கள் கிட்ட இருந்து வரிசையா வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் ஒவ்வொண்ணுக்கும் கட்டைவிரலைப் போட்டுக்கிட்டே வந்தேன். அதே வரிசையில உனக்கும் ஒரு கட்டைவிரல் போட்டுட்டேன். பத்து நாள் நீ பேசல. "ரீசார்ஜ் தீர்ந்துடுச்சு போல"ன்னு உங்கப்பாகிட்ட சொன்னேன், பாரு என் சாமர்த்தியத்தை. பொங்கலுக்கு வந்தவன் போனைத் திறந்து என் முன்னால வச்சுட்டுக் குளிக்கப் போய்ட்டே. அந்த மெசேஜையும் அதுக்குக் கீழ என் கட்டைவிரலையும் பார்த்துட்டு நான் அடுப்படியில போய் நின்னுக்கிட்டேன். அன்னிலருந்து உன்கிட்ட இருந்து எது வந்தாலும் உக்காந்துதான் படிக்கறேன். ஆனா ஒரு தப்பைத் திருத்திக்கிட்டா அடுத்தது வராதுன்னு யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கல.

எங்க பிள்ளைங்களோட அம்மாக்கள்ல பாதிக்கு மேல ஷூ கம்பெனிக்குப் போறவங்க. காலையில கேட்லயே போனை வாங்கி நம்பர் போட்ட டப்பாவுல வச்சிடுவாங்க, சாயந்தரம் வேலை முடிஞ்சாதான் கைக்கு வரும். புதுசா வந்த டீச்சருங்க காலையில பத்து மணிக்கு குரூப்ல எதையாவது போட்டுட்டு, "ஒருத்தங்களும் பதில் போடலை, அக்கறையே இல்ல"ன்னு புலம்புவாங்க. நான் புலம்பல, பஸ் நேரத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆம்பூர்லருந்து பேரணாம்பட்டு ரூட்ல வர்ற கம்பெனி பஸ் அஞ்சேமுக்காலுக்குக் கிளம்பும். நாள் முழுக்க தையலையும் தோலையும் பார்த்த கண்ணுக்கு எழுத்தைப் படிக்கத் தெம்பு இருக்குமா? அதனால எழுதறதை விட்டுட்டு வாய்ஸ் போட ஆரம்பிச்சேன். தினமும் அஞ்சு அம்பதுக்கு டீச்சர் வாய்ஸ். இன்னிக்கு என்ன பாடம், யார் வீட்டுக் கணக்கு போடல, நாளைக்கு என்ன எடுத்துட்டு வரணும், யார் இன்னிக்கு நல்லா பதில் சொன்னா, எல்லாம் மூணு நிமிஷத்துல. பர்வீன்னு ஒருத்தி இருக்கா, அவ ரெண்டு பொண்ணுங்களும் என்கிட்டதான் படிக்குதுங்க. பஸ்ஸுலயே அவ போனுக்குத்தான் சத்தம் ஜாஸ்தி. அவ ஸ்பீக்கர்ல போடுவா, பஸ் மொத்தமும் கேக்கும், பள்ளிக்கூடத்துல பிள்ளை இல்லாதவங்களும் கேப்பாங்க. ஒருநாள் லேட்டானா, "டீச்சருக்கு ஒடம்பு சரியில்லையா"ன்னு எனக்கு மெசேஜ் வரும். இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் ரொம்ப ஒசத்தியா நெனச்ச வேலை அதுதான்.

அந்த சமயத்துலதான் நீ சுகந்தி விஷயத்தைச் சொன்னே. காலேஜ்லருந்து பழக்கம், இப்ப வேலூர்ல லேப்ல வேலை செய்யுதுன்னே. போட்டோவைப் பார்த்தேன், எனக்கும் பிடிச்சுது. அவங்க வீட்ல என்ன பண்றாங்கன்னு கேட்டேன். "அப்பா லோடு ஆட்டோ ஓட்டறார். அம்மா ஷூ கம்பெனியில, பேஸ்டிங்ல"ன்னே. நாள் முழுக்க பசை தடவி ஒட்டற வேலை. உன்கிட்ட "சரிடா, பார்க்கலாம்"னு சிரிச்சேன். உள்ளுக்குள்ள எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு, மறைக்க மாட்டேன். தினமும் சாயந்தரம் அந்தப் பொம்பளைங்களுக்கு, "உங்க கஷ்டம் வீண் போகாதும்மா, உங்க பிள்ளைங்க பெரிய ஆளா வரும்"னு சொல்றவ நான். அவங்கள்ல ஒருத்தரோட பிள்ளை நல்லா படிச்சு, வேலைக்குப் போய், என் வீட்டு வாசல்ல வந்து நின்னதும் எனக்குப் பிடிக்கல. அவ்ளோதான் விஷயம். இதைவிட நல்லவிதமா சொல்ல எனக்கு வழி தெரியல.

மறுநாள் சாயந்தரம் வழக்கம் போல அம்மாக்கள் குரூப்புக்கு வாய்ஸ் போட்டு முடிச்சேன். அடுத்தது ஆற்காட்டுல இருக்கிற உன் பெரியம்மாவுக்கு, என் மனசுல இருக்கறதைக் கொட்ட. வாட்ஸப் திறந்தா மேல எப்பவும் நிக்கற மாதிரி ரெண்டே ரெண்டைத்தான் வச்சிருக்கேன், அக்கா ஒண்ணு, அம்மாக்கள் குரூப் ஒண்ணு. அந்த ரெண்டுல கடைசியா யார்கிட்ட பேசினோமோ அது மேல ஏறிக்கும். அன்னிக்கு நாள் பூரா நானும் அக்காவும் பேசிக்கிட்டே இருந்தோம், அதனால அவதான் மேல இருப்பான்னு நான் பார்க்காமயே அமுக்கினேன். கண்ணு அடுப்புல இருந்த பால் மேல இருந்துச்சு. குரூப்புக்கு அப்பத்தான் பேசி முடிச்சதால அது மேல ஏறி உக்காந்திருந்தது எனக்குத் தோணல. என்ன பேசினேன்னு அப்படியே எழுதறேன், ஒரு வார்த்தைகூட நல்லவிதமா மாத்தாம. "அக்கா, இவன் போயும் போயும் ஒரு கம்பெனிக்காரி பொண்ணைப் பிடிச்சிருக்கான். மல்லிகாவாம் பேரு, பேஸ்டிங்லயாம். பஸ்ல கும்பலோட கும்பலா இடிச்சிட்டுப் போறவளும் நானும் சம்பந்தின்னு தட்டு மாத்திக்கணுமா? எத்தனை சோப்பு போட்டாலும் அந்தப் பசை நாத்தம் கையை விட்டுப் போகாது. இதை முடிச்சு விட எதுனா வழி சொல்லு."

பால் பொங்கிச்சு. அடுப்பைத் துடைச்சிட்டு, அக்கா ஏன் இன்னும் பதில் போடலைன்னு போனை எடுத்துப் பார்த்தேன். அது அம்மாக்கள் குரூப்புக்குப் போயிருக்கு. எல்லாருக்கும் அழின்னு அமுக்கினேன். அழிச்சாச்சுன்னு போன் சொல்லிச்சு. பர்வீன் ஸ்பீக்கரைப் பத்தித் தெரியாதவளா நான்? அன்னிக்கு பஸ்ஸுல என்ன நடந்துச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சு பர்வீனே எனக்குச் சொன்னா. மல்லிகா நாலாவது சீட்டுல ஜன்னல் ஓரமா உக்காந்திருந்தாங்களாம். முதல் வாய்ஸ் முடிஞ்சு ரெண்டாவது தானா ஓட ஆரம்பிச்சுது, டீச்சர் வேற ஏதோ சொல்றாங்கன்னு எல்லாரும் பேச்சை நிறுத்திட்டுக் கேட்டாங்களாம். பர்வீன் தடுமாறி நிறுத்தறதுக்குள்ள முழுசா ஓடிடுச்சு. யாரும் மல்லிகாவைத் திரும்பிப் பார்க்கல, பார்த்தா அழுதுடுவாங்கன்னு. மல்லிகா அழல. ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள இழுத்து வச்சுக்கிட்டாங்களாம், ஊர் வர்ற வரைக்கும் வெளிய எடுக்கலையாம்.

மறுநாள் யாராவது பள்ளிக்கூட கேட்ல வந்து சண்டை போடுவாங்கன்னு பயந்துக்கிட்டே போனேன். யாரும் வரல. வந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். குரூப்லயும் ஒரு வார்த்தை இல்ல. எப்பவும் வர்ற 'சரிங்க டீச்சர்' இல்ல, கும்பிடு இல்ல, பூ இல்ல. என் வாய்ஸை யார் யார் கேட்டாங்கன்னு போன் பட்டியல் காட்டும். அதுல முதல் பேரா எப்பவும் பர்வீன்தான் இருக்கும், அந்தப் பேர் வரவே இல்ல. நானும் ஒண்ணுமே நடக்காத மாதிரி தினமும் அஞ்சு அம்பதுக்குப் பேசிக்கிட்டே இருந்தேன். கேக்க ஆள் இல்ல. பிள்ளைங்க வீட்டுக் கணக்கு போடாம வந்துச்சுங்க, எடுத்துட்டு வரச் சொன்னதை எடுத்துட்டு வரல, பெற்றோர் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தாங்க. தானா சரியாப் போய்டும்னு நான் விட்டுட்டேன்.

மூணாவது வாரம் சுகந்தி அவங்கம்மாகிட்ட உன்னைப் பத்திச் சொன்னா. "நமக்கு அது தோதுப்படாது"ன்னு ஒரே பதில். நீ நேர்ல போனே, ரெண்டு தடவை போனே, மூணாவது தடவை போன்ல கத்தினே. "படிக்காதவங்களுக்கு எவ்ளோ திமிர் பார்த்தியாம்மா, எங்கம்மாவே சரின்னுட்டாங்க, உங்களுக்கு என்ன கேடுன்னு கேட்டுட்டேன்"னு வந்து என்கிட்ட சொன்னே. நான் உன் முதுகைத் தடவிக் கொடுத்து, "விடுடா, அவங்களுக்குக் குடுத்து வச்சது அவ்ளோதான்"னேன். தம்பி, இந்த இடத்துல நீ தாளைக் கீழ வச்சிட்டு எழுந்து போனாலும் போவே. போய்ட்டு வா, ஆனா மிச்சத்தையும் படி. அன்னிக்கு எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. நான் அக்காகிட்ட கேட்ட வழி தானா கிடைச்சிடுச்சு, பழியும் என் மேல வரல. உன் முகம் வாடறதைப் பார்த்துக்கிட்டே எட்டு மாசம் அந்த நிம்மதியில இருந்தேன். வாய்ஸ் மாறிப் போனது கை தவறி நடந்தது. இதை நான் தெரிஞ்சேதான் பண்ணேன்.

பங்குனியில ஒரு மத்தியானம் சுகந்தி பள்ளிக்கூடத்துக்கே வந்துட்டா. சாப்பாட்டு நேரம், பிள்ளைங்க தட்டோட வரிசையில நின்னுக்கிட்டிருந்துச்சுங்க. லேப்ல பர்மிஷன் போட்டுட்டு வெயில்ல வந்திருந்தா, முகமெல்லாம் வேர்த்திருந்தது. "எங்கம்மா எதுக்கு வேணாங்கறாங்கன்னே எனக்குத் தெரியல மேடம். கேட்டா, 'போற வீட்ல உனக்கு மரியாதை இருக்கணும் பாப்பா, அதுக்கு மேல என்னைக் கேக்காத'ங்கறாங்க. உங்க மேல எதுனா மனஸ்தாபமான்னு கேட்டேன். 'சேச்சே, டீச்சர் பிள்ளைங்களுக்கு நல்லா சொல்லித் தர்றவங்க'ன்றாங்க. நீங்க ஒரு தடவ வந்து பேசுங்க மேடம், நீங்க சொன்னா கேப்பாங்க"ன்னா. பேசறேன்மான்னு சொல்லி அவளை அனுப்பி வச்சேன். மல்லிகா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், அந்தப் பொண்ணு உன்னை அன்னிக்கே தூக்கிப் போட்டிருக்கும், நீ என்னைத் தூக்கிப் போட்டிருப்பே. பெத்த பொண்ணுகிட்டகூட அவங்க சொல்லல. நீ கத்தினப்பவும் சொல்லல. பஸ் முழுக்க இருந்த பொம்பளைங்களும் சொல்லல. மல்லிகாதான் அந்த வாய்ஸைக் கேட்ட அன்னிக்கு பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டாங்களாம், "இது வெளிய போவ வேணாம், டீச்சர் பேரு கெட்டா பிள்ளைங்க மதிக்காது, படிப்பு போய்டும்"னு. அத்தனை பேரும் எட்டு மாசம் வாயைத் திறக்கல.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து உங்கப்பாகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழட்டி ரொம்ப நேரம் துடைச்சார். "கொத்தமல்லி வாங்கறதுக்குக்கூட அலாரம் வைக்கறே. மன்னிப்பு கேக்கறதுக்கு ஒண்ணு வைக்கத் தோணலையா உனக்கு?"ன்னார். முதல்ல வாய்ஸ்ல கேக்கலாம்னுதான் உக்காந்தேன். ஆறு தடவை பேசி ஆறு தடவையும் அழிச்சேன். அப்புறம்தான் உறைச்சுது, என் வாய்ஸை யார் கேக்கப் போறாங்க? போனால முடியாத வேலைன்னு ஒண்ணு அன்னிக்குத்தான் என் கண்ணுல பட்டுச்சு. எந்த பஸ்ஸுல என் குரல் கேட்டுச்சோ அந்த பஸ்ஸுல நான் நேர்ல போய் நிக்கணும்னு முடிவு பண்ணேன்.

அரை நாள் லீவு போட்டுட்டு ஆம்பூர் போய் கம்பெனி கேட்டுக்கு எதிர்ல நின்னேன். பஸ்ல காலை வச்சதும் டிரைவர், "வெளியாளுங்களை ஏத்தக் கூடாது மேடம்"னார். பின்னால இருந்து பர்வீன் குரல் வந்துச்சு. "ஏத்திக்கோண்ணா, அவங்க தினமும் இந்த பஸ்ல வர்றவங்கதான்." வேற ஒருத்தி, "இன்னா டீச்சர், நேராவே வந்துட்டீங்க, போன் ரிப்பேரா?"ன்னா. ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க, மத்தவங்க சிரிக்கல. பஸ் கிளம்பிச்சு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். "அன்னிக்கு அது எங்க அக்காவுக்குப் பேசினது. தப்பா அனுப்பிட்டேன்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன், என் மனசுல இருந்ததைத்தான் பேசினேன். உங்க பிள்ளைங்களைப் படிச்சு மேல வான்னு சொல்லிட்டு, வந்தப்போ கதவைச் சாத்தினது நான்தான். மல்லிகாம்மா, உங்களைப் பேசினது தப்பு. உங்க எல்லாரையும் பேசினது தப்பு. பொண்ணு கேக்க வரல, அதுக்கு எனக்கு வாய் கிடையாது. மன்னிப்பு கேட்டுட்டு இறங்கிடறேன்"னேன்.

அப்புறம் ஜன்னல் ஓரத்துலருந்து மல்லிகா, "எங்க இறங்குவீங்க, நடுரோட்லயா? வந்து உக்காருங்க டீச்சர், பிரேக் போட்டா விழுந்துடப் போறீங்க"ன்னு பக்கத்துல வச்சிருந்த பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. போய் உக்காந்தேன். பசை வாசம் அடிச்சுது, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அவங்களே மெதுவா சொன்னாங்க, "நீங்க சொன்னது நெசந்தான் டீச்சர், சோப்புக்கு அது போவாது. எலுமிச்சம்பழம்கூட தேய்ச்சுப் பார்த்துட்டேன்." குத்திக் காட்டற மாதிரி சொல்லல, சமையல் பக்குவம் சொல்ற மாதிரி சாதாரணமா சொன்னாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல. பஸ்ஸே பார்க்க அழுதேன். பர்வீன் எட்டிப் பார்த்து, "பேஜார் பண்ணாதீங்க டீச்சர். நாளைக்கு வாய்ஸ் போடுங்க, எம் பெரிய பொண்ணு பின்னம் போட வராம உக்காந்திருக்கு"ன்னா. அப்பதான் எல்லாரும் சிரிச்சாங்க.

இறங்கும்போது மல்லிகா என் கூட ரெண்டு அடி நடந்து வந்தாங்க. "வீட்டுக்கு வாங்க, கல்யாணம் பேசலாம். அவளும் அழுதுக்கினே இருக்கா. ஆனா இது நம்மளோட போவட்டும் டீச்சர், பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா உங்க பையனுக்கும் உங்களுக்கும் நடுவுல வந்து நிக்கும்"னாங்க. நான் வேகமா தலையாட்டினேன், தப்பிச்சோம்டா சாமின்னு. அவங்க பிடிவாதம் ஒருவழியா இறங்கிடுச்சுன்னு நீ நெனச்சே, நான் அப்படியே நெனைக்க விட்டுட்டேன். போன வாரம் நீ வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்ன வரைக்கும்.

புத்தி சொல்றேன்னு நெனைக்காத, டீச்சருக்கு வாய் சும்மா இருக்காது. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, போன் இல்லாம உங்க வீடு ஓடாது. தாராளமா ஓட்டுங்க. ரெண்டு பேரோட டூட்டியையும் ஒரே காலண்டர்ல போட்டு வை, அவளுக்கு வேலை ஜாஸ்தியா இருக்கிற வாரம் அடுப்பு உன்னோடது. 'சாப்பிட்டியா'ன்னு மெசேஜ் போட்டுட்டு கடமை முடிஞ்சுதுன்னு நெனைக்காத, பதில் வர்ற வரைக்கும் கையில வச்சிரு. அவ நீளமா எழுதினா வேற எல்லா வேலையையும் நிறுத்திட்டுப் படி, விரலைக் காட்டாத, அது நம்ம வீட்ல ஒரு தடவ நடந்ததே போதும். பேசும்போது வாயைப் பார்த்துப் பேசுன்னு உனக்கு சொல்ல மாட்டேன். என்னோடது டீச்சரா பயிற்சி எடுத்த வாய், என்ன ஆச்சு? ஸ்பீக்கர்ல போட்டாலும் கூசாத மாதிரி நெனைக்கப் பழகு. அம்பத்தாறு வயசுல நானே இப்பதான் பழகறேன், உனக்கு இன்னும் நிறைய காலம் இருக்கு.

நேத்து ஞாயித்துக்கிழமை மல்லிகா வீட்டுக்குப் போனேன். அவங்க துவைச்ச துணி மடிச்சுக்கிட்டிருந்தாங்க. "உங்களுக்குக் கொடுத்த வார்த்தையை மீறப் போறேன், அவன்கிட்ட எல்லாத்தையும் எழுதப் போறேன்"னேன். கையில இருந்த துணியைக் கீழ வச்சிட்டாங்க. "எதுக்கு டீச்சர் இப்ப? என்னை எதுனா நெனச்சிட்டுப் போவட்டும். மருமகப் பிள்ளைதானே, வருஷத்துக்கு நாலு தடவ வரும், போவும். நீங்க பெத்தவங்க. அது உங்களைக் கம்மியா நெனச்சா நீங்க தாங்குவீங்களா?" தாங்கிக்கறேன்னு சொன்னேன். "எங்களுக்குப் பழகிடுச்சு டீச்சர். உங்களுக்குப் பழக்கம் இல்லையே"ன்னாங்க. கிளம்பும்போது, சுகந்திகிட்ட அவங்களே சொல்லிக்கறதா சொன்னாங்க.

இப்ப நீ பண்ண வேண்டிய காரியம். வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க வீட்லதான் இருப்பாங்க. நீ போ. சுகந்தியைக் கூட்டிட்டுப் போகாத, என்னையும் கூப்பிடாத. போன் பண்ணிட்டுப் போகாத, பண்ணா "பரவால்லப்பா"ன்னு சொல்லி உன்னை வர விடமாட்டாங்க. நீ கத்தினதுக்கு மன்னிப்பு கேளு. 'அந்தம்மா'ன்னுதான் உனக்கு வாய் வருது, இன்னி வரைக்கும் ஒரு தடவைகூட நீ அவங்களை அத்தைன்னு கூப்பிடல. வாசப்படி ஏறும்போதே கூப்பிட்டுடு, அவங்க திரும்பிப் பார்ப்பாங்க.

அப்புறம் நேரா இங்க வந்து என்கிட்ட எவ்ளோ வேணும்னாலும் சண்டை போடு, கேட்டுக்கறேன். முதல்ல அங்க போய்ட்டு வா.

அம்மா